ரக்பி ஆடும் பிள்ளைகளுக்கு அச்சு எடுத்துச் செய்த மவுத் கார்டு: குன்னூரில் வாங்கி ஒரு சீசன் ஆடிப் பார்த்த பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரக்பி ஆடும் பிள்ளைக்குக் கையில் இருக்கும் காசில் முதலில் வாங்க வேண்டியது மவுத் கார்டு, அதாவது மேல் பல் வரிசையில் மாட்டுகிற காப்பு உறைதான். ஷூ, ஜெர்சி, தோள் பேட் எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பால் பல் எல்லாம் விழுந்து நிரந்தரப் பல் வரிசை வந்துவிட்ட பிள்ளை என்றால், கடையில் தொங்குகிற பாக்கெட்டை விட்டுவிட்டு நேராகப் பல் டாக்டரிடம் போய் அச்சு எடுத்துச் செய்துகொள்ளுங்கள். குன்னூர் பெட்போர்டு பக்கம் ஒரு கிளினிக்கில் எங்கள் பெண்கள் அணியில் பெரிய பிள்ளைகளுக்குச் செய்து வாங்கினோம், ஜூன் மழையில் ஆரம்பித்து சீசன் முழுக்கப் போட்டு ஆடியும் ஆகிவிட்டது. கிளினிக் பெயரை நான் போடப் போவதில்லை. ஊட்டியிலோ கோத்தகிரியிலோ எந்த பல் டாக்டரிடம் போனாலும் என்ன கேட்க வேண்டும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், அதைத்தான் எழுதுகிறேன்.

நான் அருவங்காடு பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் பிள்ளைகள் எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்தும், கார்டைட் பேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தும், சுற்றி இருக்கிற படுகர் ஊர்களான ஹட்டிகளில் இருந்தும் வருகிறவர்கள். இந்த மலையில் புட்பால் தெரியாத வீடு கிடையாது, ஆனால் ரக்பி என்றால் "அந்த முட்டை மாதிரி பந்தா மாஸ்டர்?" என்று கேட்கிற நிலையில்தான் ஆரம்பித்தோம். இப்போது அணியில் ஒரு பெண் இருக்கிறாள், பதினாறு வயது, ஹூக்கராக, அதாவது ஸ்க்ரம் என்கிற தள்ளுமுள்ளில் முன்வரிசை நடுவில் நிற்கிறவளாக, ஆடுகிறாள், ரக்பியையே தொழிலாக எடுத்து ஆட வேண்டும், வெளிநாட்டு கிளப்பில் சம்பளம் வாங்கி ஆட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதை அவள் சும்மா சொல்லவில்லை. காலையில் பஸ்ஸுக்கு முன்னால் தேயிலைக் காட்டு மேட்டில் ஓடிவிட்டு வருகிற பிள்ளை. அப்படி ஒரு பிள்ளையின் வாயில் எதைப் போட்டு அனுப்புகிறோம் என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பாக்கெட் வகையைப் பற்றி. வெந்நீரில் போட்டு இளக்கி, வாயில் வைத்துக் கடித்து, உறிஞ்சி, விரலால் அழுத்தி, பிறகு பச்சைத் தண்ணீரில் போடுகிற வகை. முன்னூறு ரூபாயில் இருந்து அறுநூறு வரைக்கும் கிடைக்கிறது. பல பிள்ளைகள் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள், அதில் தப்பில்லை, வெறும் வாயோடு ஆடுவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் மலையில் இதைச் செய்யும்போது ஒரு தொந்தரவு இருக்கிறது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குன்னூரில் அதைவிட ஒரு டிகிரி கூட இருக்கும், அவ்வளவுதான். அந்தச் சூடு இளக்குவதற்குப் போதும். பிரச்சினை அதற்கு அடுத்தது. குளிர்ந்த கிண்ணத்தில் ஊற்றி, ஜன்னல் திறந்த சமையலறையில் வைத்தால் நொடியில் ஆறிவிடுகிறது, கார்டு பாதி இளகி பாதி இளகாமல் வெளியே வருகிறது, பிள்ளை கடித்தால் பல் பதிவதே இல்லை. கிண்ணத்தை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதிதாகக் கொதித்ததை ஊற்றி, மூடி போட்டுச் செய்தால் ஓரளவு நன்றாக வரும்.

நன்றாக வந்தாலும் அது பல்லில் தானாக நிற்பது அபூர்வம். பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். பல்லைக் கடித்தபடி எப்படி ஓடுவது? ஆறாயிரம் அடிக்கு மேலே ஆடுகிறோம், சமவெளியில் இருந்து வருகிற அணி பத்து நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கும், நம் பிள்ளைகளுக்கே கடைசி நிமிடங்களில் மூச்சு வாங்கும். அப்போது என்ன நடக்கிறது என்று மைதானத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள். பந்து அந்தப் பக்கம் போனவுடன் பிள்ளை மவுத் கார்டைக் கழற்றி காலுறைக்குள் செருகிக்கொள்கிறது, பந்து திரும்பி வருகிறது, பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து விழ வைக்கிற டாக்கிள் போடுகிறது, கார்டு காலுறையிலேயே இருக்கிறது. மண்ணும் புல்லும் ஒட்டிய அதையே பிறகு எடுத்து மறுபடி வாயில் வைக்கிறது. முன்னூறு ரூபாயில் முடித்துவிட்டோம் என்று நினைத்தால், டாக்கிள் நேரத்தில் அந்த முன்னூறு ரூபாய்ப் பொருளும் வாயில் இல்லை.

அச்சு எடுத்துச் செய்ததில் நான் கண்ட பெரிய வித்தியாசம் இதுதான். மேல் வரிசைப் பல்லில் டக் என்று உட்கார்ந்துவிடுகிறது, வாயைத் திறந்தாலும் விழுவதில்லை, வாயால் மூச்சு விடலாம், பேசலாம். எங்கள் ஹூக்கர் லைன் அவுட்டில், அதாவது வெளியே போன பந்தை இரண்டு அணி வரிசைக்கும் நடுவில் எறிகிறபோது, யாருக்கு எறிகிறாள் என்கிற கோட் வார்த்தையைக் கத்திச் சொல்ல வேண்டும். பழைய கார்டோடு கத்தினால் வெறும் கொழகொழ சத்தம்தான் வரும், இப்போது கடைசியில் நிற்கிற பிள்ளைக்கும் தெளிவாகக் கேட்கிறது. சீசன் முழுக்க யாருடைய காலுறையிலும் மவுத் கார்டைப் பார்க்கவில்லை என்பதுதான் நான் இதற்குத் தரும் பெரிய சான்றிதழ்.

செய்கிற விதத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் சில பிள்ளைகள் பயப்படுகிறார்கள். முதலில் பல்லைப் பார்ப்பார்கள், சொத்தை இருந்தால் அதை அடைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அதுவரைக்கும் யாரும் பல்லைப் பார்த்ததே இல்லை, அந்த ஒரு விதத்திலேயே போனது நல்லதாகப் போயிற்று. அப்புறம் பல்லின் அளவுக்கு ஏற்ற ஒரு தட்டில் ஆல்ஜினேட் மாவைக் குழைத்து மேல் தாடையில் வைத்து அழுத்துவார்கள். பின்பக்கம் தொண்டை வரை வழிந்தால் குமட்டும். டாக்டர் பிள்ளையை முன்னால் குனிந்து மூக்கால் மூச்சு விடச் சொன்னார், காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், கவனம் அங்கே போனதும் குமட்டல் குறைந்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும், எடுத்துவிடலாம். அந்த அச்சில் கல் மாவு ஊற்றி பல் வரிசையின் மாடல் செய்கிறார்கள். மாடலின் மேல் சூடாக்கின ஈ.வி.ஏ. என்கிற பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து, காற்றை உறிஞ்சும் மிஷினில் அழுத்தி எடுக்கிறார்கள், பிறகு ஓரத்தை வெட்டி, தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள்.

நீங்கள் பார்த்து வாங்க வேண்டிய இடம் இந்த ஓரம்தான். மேல் உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தால் நடுவில் ஈறோடு உதட்டை இணைக்கிற சின்ன நரம்பு மாதிரி ஒன்று தெரியும். அந்த இடத்தில் கார்டில் ஒரு சின்ன வளைவு வெட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆடும்போது அங்கே கிழித்துப் புண்ணாகும். எங்கள் ஹூக்கருக்கு முதலில் வந்ததில் அந்த வளைவு ஆழம் போதவில்லை, டாக்டர் அங்கேயே உட்காரவைத்து, கருவியால் ஒரு இழை, இன்னொரு இழை என்று தேய்த்து, மறுபடி போட்டுப் பார்த்து, "கத்தும்மா, கிரவுண்டில கத்துற மாதிரியே கத்து" என்று சொல்லி, அவள் நிஜமாகவே கத்தி, வெளியே காத்திருந்த பாட்டி ஒருவர் பதறி எழுந்து நின்றார். அந்த அளவுக்குப் பொறுமையாகப் பார்த்தார்கள். கீழ்ப் பல்லும் மேலே இருக்கிற கார்டில் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் படுகிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் முதலில் படுகிறது என்றால் சரி பண்ணித் தரச் சொல்லுங்கள். தடிமன் விஷயத்தில் ஷீட் 4 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், சூட்டில் இழுபட்டு முன்பல் பக்கம் மெலிந்துவிடும், அதனால் ரக்பிக்கு என்று சொல்லி, இரண்டு அடுக்காகச் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். இரவில் பல் நறநறப்பவர்களுக்குச் செய்கிற மெல்லிய தகடு வேறு, அதைப் போட்டு ஆட விடாதீர்கள்.

விலை, ஒரு பிள்ளைக்கு 2,800 ரூபாய் ஆனது. எஸ்டேட்டில் கூலி வேலை பார்க்கிற வீட்டுக்கு அது பெரிய தொகை என்று எனக்குத் தெரியும், பழைய மாணவர்கள் சிலர் பாதி போட்டார்கள். ஒரு முன்பல் முழுசாகப் போய், இம்பிளான்ட் வைக்க வேண்டி வந்தால் அந்தச் செலவு இதைப்போல் எத்தனையோ மடங்கு. நியூசிலாந்தில் 90களின் கடைசியில் உள்ளூர் ரக்பி முழுக்க மவுத் கார்டைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே விபத்துக் காப்பீட்டில் ரக்பியால் வந்த பல் சிகிச்சைக் கோரிக்கைகள் 1995-க்கும் 2003-க்கும் இடையில் 43 சதவீதம் குறைந்தன. மூச்சுக்கு மூச்சு ரக்பி பேசுகிற நாட்டிலேயே கட்டாயப்படுத்தித்தான் போட வைத்திருக்கிறார்கள் என்றால் நம் பிள்ளைகளிடம் "விருப்பம் இருந்தால் போடு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. எங்கள் அணியில் இப்போது கார்டு இல்லாமல் பயிற்சிக்கு வந்தால் கையால் தொட்டு ஆடுகிற டச் ரக்பி மட்டும்தான், டாக்கிள் கிடையாது.

அச்சு எடுத்த அன்று ஹூக்கரின் அம்மாவும் கூட வந்திருந்தார். எல்லாம் முடிந்து காசு கொடுக்கும்போது அவர் கேட்டார், "இதைப் போட்டா தலைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா மாஸ்டர்?" டாக்டர் என்னைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்த்தேன். ஆகாது என்று சொல்லவே முடியாது. பல்லையும், உதட்டையும், ஓரளவு தாடையையும்தான் இது காக்கும். மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லும்படி ஆதாரம் இல்லை. சில பாக்கெட்டுகளில் அதிர்வைத் தாங்கும், கன்கஷனைக் குறைக்கும் என்கிற மாதிரி எழுதியிருக்கிறது, அதை நம்பி ஒரு பிள்ளை தலையைக் கொண்டுபோய் முட்டினால் அது பெரிய ஆபத்து. இதை அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, இங்கிலாந்து ஹூக்கர் ஸ்டீவ் தாம்ப்சன் கதையையும் சொன்னேன். ரக்பியைத் தொழிலாக எடுக்க நினைக்கிற பிள்ளையின் வீட்டில் அது தெரிந்திருக்க வேண்டும்.

2003 நவம்பர் 22, சிட்னி, உலகக் கோப்பை இறுதி ஆட்டம், இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம், 17-க்கு 17. ஜானி வில்கின்சன் தன் வழக்கமான காலை விட்டு பந்தைத் தரையில் தட்ட விட்டு வலது காலால் கம்பங்களுக்கு நடுவே அடித்த டிராப் கோலில் இங்கிலாந்து 20-17 என்று ஜெயித்தது. அதை உலகமே பார்த்தது. அந்தக் கோலுக்கு ஆரம்பம் ஒரு லைன் அவுட். அவ்வளவு அழுத்தத்தில், வரிசையின் கடைசியில் இருந்த லூயிஸ் மூடிக்குக் குறி தப்பாமல் பந்தை எறிந்தவர் ஹூக்கர் ஸ்டீவ் தாம்ப்சன். அந்த எறி ஒரு அடி தவறியிருந்தால் டிராப் கோல் ஏது? 2007-ல் கழுத்துக் காயத்தால் ஓய்வு என்று அறிவித்தார், பிறகு பிரான்ஸில் பிரீவ் கிளப்பில் திரும்பவும் ஆட வந்தார், இங்கிலாந்துக்காகவும் மறுபடி ஆடி, 2011 உலகக் கோப்பையிலும் இருந்தார், அந்த வருடக் கடைசியில் மறுபடி கழுத்தாலேயே நிறுத்தினார். நாட்டுக்காக 73 ஆட்டம். ஒரு ஹூக்கர் ஆசைப்படக்கூடிய எல்லாமே அவருக்குக் கிடைத்தது.

2020 டிசம்பரில், 42 வயதில், தனக்கு இள வயது டிமென்ஷியா என்று அவர் வெளியே சொன்னார். அந்த உலகக் கோப்பையை ஜெயித்தது அவருக்கு நினைவில் இல்லை. வீடியோவில் பார்க்கிறார், அதில் தான் இருப்பது தெரிகிறது, அங்கே இருந்த ஞாபகம் இல்லை. அவரும் இன்னும் பல முன்னாள் வீரர்களும் விளையாட்டு அமைப்புகள் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். என் மனதை உறுத்துவது, ஆட்டத்தில் விழுந்த பெரிய அடிகளை மட்டும் அவர் சொல்லவில்லை, பயிற்சியில் ஸ்க்ரம் மிஷினில் திரும்பத் திரும்ப மோதியதையும் சொல்கிறார். ரக்பி யூனியன் 1995 ஆகஸ்டில்தான் தொழில்முறை ஆட்டமாக ஆனது. அதுவரை வேறு வேலை பார்த்துக்கொண்டு வாரத்தில் சில சாயங்காலம் மட்டும் பயிற்சி செய்தவர்கள், சம்பளம் வந்தபிறகு வாரம் முழுக்க மோத ஆரம்பித்தார்கள். உடம்பு பெரிதானது, வேகம் கூடியது, மோதலின் எண்ணிக்கையும் கூடியது. தாம்ப்சன் அந்த முதல் தலைமுறை. அவர்களுடைய உடம்பில்தான் இந்தத் தொழிலை உடம்பு எவ்வளவு தாங்கும் என்று ரக்பி உலகம் கற்றுக்கொண்டது என்று நான் நினைக்கிறேன்.

வில்கின்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த டிராப் கோலுக்குப் பிறகு கழுத்து, கை, முழங்கால் என்று காயம் மேல் காயம், மூன்று வருடத்துக்கு மேல் இங்கிலாந்துக்காக ஆடவே முடியவில்லை. 2007-ல் திரும்பி வந்து, பிறகு பிரான்ஸில் தூலோன் கிளப்புக்குப் போய் 2013, 2014 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பை ஜெயித்து, 35 வயதில் நிறுத்தினார். வேல்ஸின் ஆலன் வின் ஜோன்ஸ் பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்து ஆடும் லயன்ஸ் அணியையும் சேர்த்து 170 சர்வதேச ஆட்டம் ஆடினார், அது சாதனை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான். பெரும்பாலானவர்களுக்கு முப்பதைத் தாண்டிச் சில வருடத்தில் முடிந்துவிடும், பலருக்கு ஒரு முழங்காலோ ஒரு தோளோ இருபத்தைந்திலேயே கதவைச் சாத்திவிடும். அதனால் அந்த அம்மாவிடம் சொன்னேன், ஆடட்டும், பிளஸ் டூவையும் டிகிரியையும் விடக் கூடாது.

சரி, ரக்பி உலகம் ஒன்றும் செய்யாமல் இல்லை, அதுவும் இந்த மவுத் கார்டு வழியாகவே செய்திருக்கிறது. 2024 ஜனவரியில் இருந்து உயர்மட்ட ஆட்டங்களில் தலைக் காயப் பரிசோதனையோடு சென்சார் வைத்த மவுத் கார்டையும் சேர்த்துவிட்டார்கள். தலை எவ்வளவு வேகமாக அசைந்தது, எவ்வளவு திரும்பியது என்று அது அளந்து, வரம்பைத் தாண்டினால் மைதான ஓரத்தில் இருக்கிற டாக்டருக்குத் தகவல் அனுப்புகிறது, வீரரை வெளியே எடுத்துப் பார்க்கிறார்கள். 2025-ல் இங்கிலாந்தில் நடந்த பெண்கள் உலகக் கோப்பையில் அதில் சின்ன விளக்கையும் வைத்தார்கள், பலமான மோதல் பட்டால் வாயில் சிவப்பாக மின்னும். எங்கள் பிள்ளைகள் அதைப் போனில் பார்த்துவிட்டு "நமக்கும் லைட் வச்சுத் தருவாங்களா மாஸ்டர்" என்று கேட்டார்கள். நமக்கு அது எட்டாத விலை, எட்டினாலும் அதைப் படித்துச் சொல்ல டாக்டர் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கார்டும் அடியைத் தடுப்பதில்லை, அளந்து சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதற்கு அடிப்படை, பல் அச்சுக்கு ஏற்ப இறுக்கமாக உட்கார்வது. தளர்வாக இருந்தால் அளவே தப்பாகிவிடும். எங்கள் பிள்ளைகள் போடுகிற கார்டும் அந்த வீராங்கனைகள் போடுகிற கார்டும் உட்காருகிற விதத்தில் ஒரே ஜாதி. நாளைக்கு ஒரு பிள்ளை மேலே போனால் வாயில் கார்டோடு மூச்சு விடவும் கத்தவும் ஏற்கனவே பழகியிருப்பாள்.

நம்மிடம் சென்சார் இல்லாத குறையைப் பயிற்சியில்தான் ஈடுகட்ட வேண்டும். உலக ரக்பி அமைப்பு 2021-ல் தொழில்முறை அணிகளுக்கே முழு வேக மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று வழிகாட்டுதல் தந்தது. சம்பளம் வாங்குகிற பெரியவர்களுக்கே 15 நிமிடம் என்றால் ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு அதைவிட எவ்வளவு குறைவாக இருக்க வேண்டும்? எங்கள் மைதானத்தில் டாக்கிள் மண்டியிட்ட நிலையில் ஆரம்பித்து, நடந்து, அப்புறம்தான் ஓடி. உயரமும் முக்கியம். இங்கிலாந்தில் 2023-ல் இருந்து கிளப், பள்ளி ஆட்டங்களில் நெஞ்செலும்பின் அடிப்பகுதிக்குக் கீழேதான் டாக்கிள் போட வேண்டும் என்று விதி வந்தது, நாங்களும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளை வெளியே, அன்றைக்குத் திரும்ப உள்ளே கிடையாது, "எனக்கு ஒண்ணுமில்ல மாஸ்டர்" என்று அழுதாலும் கிடையாது. மழை விட்ட மறுநாள் வழுக்குகிற தரையில் டாக்கிள் பயிற்சியே வைப்பதில்லை.

இந்தத் தொழில் நம் பிள்ளைக்கு நிஜமாகவே கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நான் தயங்கியிருப்பேன். இங்கிலாந்து 2019 ஜனவரியில் 28 பெண்களுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது. 2025 பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை லண்டன் டுவிக்கனம் மைதானத்தில் 81,885 பேர் உட்கார்ந்து பார்த்தார்கள், இங்கிலாந்து கனடாவை ஜெயித்தது. அமெரிக்காவின் இலோனா மேஹர் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஏழு பேர் ஆடும் செவன்ஸில் வெண்கலம் வாங்கிவிட்டு இங்கிலாந்தில் பிரிஸ்டல் கிளப்புக்குப் போய் ஆடினார். நம் இந்தியப் பெண்கள் 2019-ல் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று ஜெயித்தார்கள், பதினைந்து பேர் ஆட்டத்தில் அதுதான் இந்தியப் பெண்கள் அணியின் முதல் சர்வதேச வெற்றி. ஆண்களுக்கு 2025 ஜூனில் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் முதல்முறையாக நடந்தது, ஆறு அணிகள், வெளிநாட்டு வீரர்களும் நம் வீரர்களும் கலந்து, கோப்பையை ஜெயித்தது சென்னை அணி. பாதை இன்னும் ஒற்றையடிப் பாதைதான், அந்த முதல் சீசனில் பெண்களுக்கு அப்படி ஒரு லீக் இல்லை. ஆனாலும் பாதை இருக்கிறது, நம் ஹூக்கர் போகிற காலத்தில் அது இன்னும் அகலமாகும் என்று நான் மனசார நம்புகிறேன்.

இப்போது குறைகள். கிளினிக்கில் மிஷின் இல்லாததால் மாடலைக் கோயம்புத்தூர் லேப்புக்கு அனுப்புகிறார்கள். ஒரு வாரம் என்றார்கள், நடுவில் மேட்டுப்பாளையம் இறங்குகிற மலைப் பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்ததில் அது இன்னும் தள்ளிப்போனது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, ஆனால் போன் பண்ணிக் கேட்டால்தான் தகவல் சொல்கிறார்கள், அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்வதில்லை, அது சரியில்லை. கூடக் கொடுத்த டப்பாவில் காற்றுத் துளை இல்லை. ஈரத்தோடு மூடி வைத்தால் நம் ஊர் மழைக்காலத்தில் இரண்டே நாளில் வாடை அடிக்கும், கறுப்புப் புள்ளியும் வரும். சூடாக்கின ஊசியால் நான்கு துளை போட்டுக்கொண்டோம். இன்னொன்று, பிள்ளைகள் ஆசைப்பட்டு இரட்டை நிறம் கேட்டார்கள், அதில் ஒன்றிரண்டில் நிறங்கள் சேருகிற ஓரம் லேசாகப் பிரிகிறது. ஒற்றை நிறமே போதும். கண்ணில் படுகிற பச்சை மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்கள், புல்லில் விழுந்தால் தேடி எடுக்கலாம், வாயில் இருக்கிறதா இல்லையா என்று மாஸ்டருக்கும் தூரத்தில் இருந்தே தெரியும்.

யாருக்கு இது இப்போது வேண்டாம் என்றால், இன்னும் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கிற பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு. செய்த கார்டு சில மாதத்திலேயே சேராமல் போகும், அவர்களுக்கு வெந்நீர் வகையே போதும், அந்த வயதில் டாக்கிளும் தேவையில்லை. பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிற பிள்ளைகளுக்கு வேறு மாதிரி, கம்பிக்கு இடம் விட்டுச் செய்ய வேண்டும், அதைக் கம்பி போட்ட டாக்டரிடமே கேளுங்கள்.

பராமரிப்பு சுலபம். ஆடி முடித்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி, பிரஷ்ஷில் சோப்பு தொட்டுத் தேய்த்து, காற்றில் உலர விட வேண்டும். வெந்நீரில் கழுவக் கூடாது, ஹீட்டர் பக்கமோ விறகடுப்பு மேட்டிலோ காய வைக்கக் கூடாது, வளைந்துவிடும். ஓரத்தைக் கடித்துக்கொண்டே இருக்கிற பழக்கம் சில பிள்ளைகளுக்கு உண்டு, கடித்து மெலிந்த கார்டு காப்பாற்றாது, மாற்ற வேண்டியதுதான்.

கார்டு போட்டும் பல் போகலாம், அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நிரந்தரப் பல் முழுசாகப் பெயர்ந்து விழுந்தால், வேரைத் தொடாமல் பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ நொடி நேரம் அலசலாம், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அங்கேயே குழியில் திரும்பப் பொருத்தி, துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. எந்த மைதானத்துப் பக்கத்திலும் ஒரு டீக்கடை இருக்கும், பால் இருக்கும். ஹட்டிகளில் இருந்து குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ இறங்க பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரம் கிடையாது, அதனால் போட்டி நாளன்று ஒரு வண்டியைப் பேசி வைத்துவிடுங்கள்.

செய்ய நினைப்பவர்கள் மார்ச்சிலேயே அச்சு எடுத்துவிடுங்கள். ஏப்ரல், மே சுற்றுலா சீசன் கூட்டத்தில் குன்னூர் ரோட்டில் நகர முடியாது, அப்பாயின்ட்மென்ட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. சாப்பிட்ட உடனே போகாதீர்கள், குமட்டும். பல் மாடலைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பல் வரிசை மாறாமல் இருந்தால் கார்டு தொலைந்தாலும் அதே மாடலில் இன்னொன்று செய்யலாம், எங்களுக்கு இரண்டாவதுக்கு 1,500 ரூபாய்தான் வாங்கினார்கள். மாடலை உடையாமல் துணியில் சுற்றி, பிள்ளையின் பெயரை அடியில் எழுதி வைக்கவும், எல்லாப் பிள்ளைகளுடையதும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.